நோட்ஸ் கிடையாது

பெஹாலா, கொல்கத்தா
26 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய யசோதா மேடம்,

உங்கள் நம்பருக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. ஆபீஸ் கிளார்க் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, 'மேடம் உங்களை பிளாக் செய்திருக்கிறார்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆகவே காளிகாட் போய் உங்கள் அப்பாவிடம் வேலூர் விலாசம் வாங்கி, இந்தக் கூரியரை அனுப்புகிறேன்.

முதலில் சுவர் விஷயத்தைப் பேசிவிடுவோம். ஒர்க்‌ஷாப்பில் உங்கள் வகுப்புப் பக்கத்துச் சுவருக்கு வெள்ளை அடித்தது நான்தான். விஸ்வகர்மா பூஜைக்கு முந்தின நாள், மெஷினையெல்லாம் துடைத்தோம், தரையைக் கழுவினோம், மிச்சம் இருந்த சுண்ணாம்பைச் சுவருக்கு அடித்தோம். எங்கள் விருதுநகரில் ஆயுத பூஜைக்கு வெள்ளை அடிக்காத பட்டறையே கிடையாது. பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் பூஜையன்று பறக்கவிடக் காற்றாடி வாங்கப் போய்விட்டார்கள், 'சார், அந்தச் சுவரை விட்டுவிடுங்கள்' என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு அது ஒரு வருஷத்துக் கிறுக்கலாகத்தான் தெரிந்தது. தொண்டை சரியில்லாமல் பேச முடியாத நிலையில் நீங்கள் கோபத்தோடு போர்டில் எழுதிக் காட்டியதற்குக்கூட நான் பதில் சொல்லவில்லை.

இப்போது வேலை விஷயம். நீங்கள் ஆபரேஷன் முடிந்து திரும்பும்வரை நம் ஐ.டி.ஐ.யின் குளிர்சாதன மெக்கானிக் பிரிவுக்கு ஆங்கிலப் பாடமும் நானே எடுக்க வேண்டும் என்று பிரின்சிபால் உத்தரவு. நம் இரண்டு பேருக்கும் தமிழ் தெரியும் என்பதால் உங்கள் பாடமும் எனக்குத் தெரியும் என்று அவர் நினைக்கிறார். ஜனவரி 24-ஆம் தேதி சாந்த்ராகாச்சி கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனி ஆள் எடுக்கிறது. போன வருஷம் பத்தொன்பது பேர் போய் இரண்டு பேருக்குத்தான் வேலை கிடைத்தது. கை வேலையில் ஒருவரும் தோற்கவில்லை, எல்லாரும் ஆங்கிலத்தில் தோற்றார்கள். இந்த வருஷமும் அப்படியானால் 'இனி உங்கள் பிள்ளைகளைக் கூப்பிடமாட்டோம்' என்று கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஆகவே உங்கள் நோட்ஸை அனுப்பி வைக்கவும். பீரோவில் தேடினேன், ஒரு காகிதம்கூட இல்லை.

இப்படிக்கு,
பிரேம்குமார்
ஏ.சி. ஒர்க்‌ஷாப்

*

வேலூர்
6 அக்டோபர் 2025

திரு. பிரேம்குமார் அவர்களுக்கு,

நோட்ஸ் கிடையாது. இருந்ததெல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தது.

கிறுக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையும் தன் கண்ணில் பட்ட ஆங்கிலம் ஒரு துண்டு கொண்டுவர வேண்டும். ஸ்டெபிலைசர் அட்டை, கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருக்கும் தகடு, மருந்துச் சீட்டு, எது வேண்டுமானாலும் சரி. புரியாததை முதலில் மெஷினிடம் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், பிறகு அகராதியில். மூன்றிலும் கிடைக்காததைத் தன் பெயர் போட்டுச் சுவரில் எழுத வேண்டும். இன்னொருவர் கண்டுபிடித்தால் கீழே எழுதலாம், ஆனால் எழுதியவரைத் தவிர யாரும் அழிக்கக் கூடாது. நானும் அழித்ததில்லை. நீங்கள் ஒரு வாளிச் சுண்ணாம்பில் முடித்துவிட்டீர்கள்.

வருஷம் தவறாமல் மூன்று தலைமுறையாகத் துர்கா பூஜைக்குக் கொல்கத்தாவில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. இந்த வருஷம் அஷ்டமியன்று நான் அக்கா கோமதி வீட்டு ஹாலில் உட்கார்ந்து சிலேட்டில் 'காபி' என்று எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் தேதி ஆபரேஷன். அதன் பிறகு நாலு வாரம் மூச், வாயே திறக்கக் கூடாதாம். அதற்கு முன்னால் உங்களைத் திட்டித் தீர்த்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு எதையும் டிக்டேட் செய்யாதீர்கள். என் வேண்டுகோள் அது ஒன்றுதான்.

யசோதா

*

பெஹாலா
27 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய மேடம்,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உங்கள் அப்பா சொன்னார். ரொம்ப சந்தோஷம். காளிகாட் கோயில் பூவை உறையில் வைத்திருக்கிறேன், காய்ந்துபோய் வந்தால் தபால்காரரைக் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேண்டுகோளை நிறைவேற்ற முடியவில்லை. நாற்பது கேள்வியும் பதிலும் டிக்டேட் செய்துவிட்டேன். என் அக்கா மகன் ராம்கி செக்டர் ஃபைவில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான், அவன் எழுதிக் கொடுத்தான். உன்னைப் பற்றிச் சொல், உன் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பாய், இப்படி நாற்பது. பிள்ளைகள் நல்ல அட்டை போட்ட நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தினமும் காலையில் இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் ஒப்பிக்கிறார்கள். பிரின்சிபால் வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு, இப்போதுதான் வகுப்பு வகுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோபப்படாமல் யோசியுங்கள். சைக்கிள் கற்றுக்கொடுப்பவன்கூடக் கொஞ்ச தூரம் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். ஆசிரியர் வாயைத் திறக்காமல் பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்வார்கள்? இவர்கள் தானாக வளர்கிற செடி இல்லை. வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லாதவர்கள்.

ஒரே ஒரு தொந்தரவு, சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியிலிருந்து வருகிற மௌமிதா. அந்தப் பெண் ஒரு டீப் ஃப்ரீசர் கையேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று எல்லார் முன்னாலும் கேட்கிறது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் கேட்டது. நாற்பது கேள்வியில் இது இல்லை, முதலில் அதைப் படி என்று உட்கார வைத்தேன். அந்தப் பெண் கையேட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டது, அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பிளாக்கை எடுத்தால் இந்த மாதிரி அவசரத்துக்கு உங்களிடம் மெசேஜில் கேட்டுக்கொள்வேன். அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

பிரேம்குமார்

*

வேலூர்
8 நவம்பர் 2025

பிரேம்குமார் சாருக்கு,

பூ வந்தது. காய்ந்துதான் வந்தது, இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.

அப்பா மூலம் தூது விட்டீர்கள் என்று தெரிந்தது. பிளாக்கை எடுக்க மாட்டேன். இப்போது கோபத்தினால் இல்லை, எடுத்தால் நீங்கள் மணிக்கு ஒரு சந்தேகம் கேட்பீர்கள், நானும் சும்மா இல்லாமல் பதில் அனுப்புவேன். தபால் போக ஐந்து நாள், வர ஐந்து நாள். அந்தப் பத்து நாளில் உங்களுக்கே விடை கிடைத்துவிடும்.

நான்கு வாரம் வாய் பேசாமல் இருந்ததில் ஒரு நன்மை, நிஜத்தை யோசிக்க நேரம் கிடைத்தது. யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் நானும் டிக்டேட் செய்தவள்தான். என்னிடம் இருந்தது நாற்பது இல்லை, அறுபது கேள்வி. கத்திக் கத்தித்தான் தொண்டை போனது. ஒரு திங்கட்கிழமை சுத்தமாகக் குரல் வரவில்லை. லீவு மிச்சம் இல்லை. உங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கையேட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் பிள்ளைகள் ஒரு பக்கத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். பாதி தப்பு, ஆனால் பாதி சரி, அந்தப் பாதிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அதற்கு முறை என்று பெயர் வைத்துப் பிரின்சிபாலிடம் பெரிதாகப் பேசினேன். அது தத்துவம் இல்லை சார், தொண்டை.

மௌமிதா கேட்ட வரிக்கு அர்த்தம் உங்களுக்கே தெரியாது, இல்லையா? அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லாமல், தெரியாது என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை போதும்.

யசோதா

*

பெஹாலா
1 டிசம்பர் 2025

அன்புள்ள யசோதா மேடம்,

உங்கள் கடிதத்தை ஒன்பது நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

நீங்கள் உங்கள் நிஜத்தைச் சொன்னீர்கள், நானும் சொல்கிறேன். அன்றைக்குச் சுவரைப் பார்த்துவிட்டு நீங்கள் போர்டில் 'Vandal' என்று ஆங்கிலத்தில் எழுதினீர்கள். நான் தலையாட்டினேன். அர்த்தம் புரிந்து பொறுமையாக இருந்தேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். வீட்டுக்குப் போய் போனில் தேடிய பிறகுதான் நாசக்காரன் என்று தெரிந்தது. பிறகுதான் கோபம் வந்தது, கோபத்தைவிட வெட்கம் அதிகம் வந்தது. பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கம்ப்ரஸர் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்வேன். ஆனால் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்விக்கே எழுந்து வெளியே வந்தவன் நான். அதனால்தான் கொல்கத்தா வந்தேன், இங்கே ஹிந்தியில் ஒப்பேற்றிவிடலாம். டிக்டேட் செய்கிறவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் மேடம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டேன். மௌமிதா மறுபடி ஒரு வரியைக் கொண்டுவந்தது, மெஷின் 'இன்டர்மிட்டன்ட்' சத்தம் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று. எனக்குத் தெரியாது என்றேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தபன் என்கிற பையன், கடைசி பெஞ்சு, வாயே திறக்காதவன், போனில் தேடி, 'விட்டு விட்டு வருவது' என்று படித்தான். இன்னொருவன் ஓடிப்போய் மூலையில் கிடந்த பழைய டீப் ஃப்ரீசரைப் போட்டான். அது உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். இருபத்திரண்டு பேரும் அதைச் சுற்றி நின்றுகொண்டு கையேட்டின் அடுத்த வரியைப் படித்தார்கள். அந்த வரியில் சொன்ன இடத்தைக் கழற்றிப் பார்த்தால் கோளாறு அங்கேயேதான் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அன்றைக்கு உதவியது.

இப்போது வாரம் மூன்று நாள் உங்கள் வழி, மூன்று நாள் நாற்பது கேள்வி. இரண்டையும் விடப் பயமாக இருக்கிறது. ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று இருக்கட்டும்.

உங்கள் குரல் எப்படி இருக்கிறது?

பிரேம்குமார்

*

வேலூர்
2 ஜனவரி 2026

அன்புள்ள பிரேம்குமார் சார்,

குரல் வந்திருக்கிறது, எனக்கே அடையாளம் தெரியாத குரலாக. தினமும் கால் மணி நேரம் பயிற்சி. கோமதி அக்காவின் கணவர் அடுத்த அறையிலிருந்து யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பிப்ரவரிக்குப் பிறகு வகுப்பெடுக்கலாம், ஆனால் கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். போன வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன வருஷம் போன பத்தொன்பது பேரும் என் பிள்ளைகள்தான். முதல் வருஷம் முழுக்க என்னிடம் மனப்பாடம் செய்தவர்கள், இரண்டாம் வருஷம் என் தொண்டை போனதால் தானாகப் படி என்று விடப்பட்டவர்கள். அவர்கள் தோற்றது எதனால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நோட்ஸால் தோற்றார்களா, நான் நோட்ஸை விட்டதால் தோற்றார்களா? வேலூர் கிளம்பும் முன்னால் அதில் ஒரு பையனை மஜேர்ஹாட் மெட்ரோ வாசலில் பார்த்தேன், டிராவல் பேக் விற்றுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக நமஸ்காரம் வைத்தான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

என் தொண்டை வலிக்கு நான் கண்டுபிடித்த சௌகரியத்தை இருபத்திரண்டு பேர் தலையில் கட்டிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இந்த வருஷமும் தோற்றால் கம்பெனி இனி நம் பிள்ளைகளைக் கூப்பிடாது, அதை நீங்கள்தான் முதல் கடிதத்தில் எழுதினீர்கள். இருபத்திரண்டு நாள் இருக்கிறது. என் வழியை மூட்டை கட்டி வையுங்கள். நாற்பது கேள்வியையே ஆறு நாளும் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டாவது கேட்க மாட்டார்களா?

இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

யசோதா

*

பெஹாலா
27 ஜனவரி 2026

அன்புள்ள யசோதா மேடம்,

முதலில் சாப்பிடுங்கள். பதினைந்து பேர் தேறிவிட்டார்கள். இருபத்திரண்டில் பதினைந்து. மௌமிதாவுக்கு முதல் ஆளாக வேலை. அடுத்த வருஷமும் கூப்பிடுகிறோம் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். இனி நிதானமாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. உங்களுக்கே தைரியம் போய்விட்டது என்றதும் எனக்கு இருந்த அரை தைரியமும் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஆறு நாளும் நாற்பது கேள்விதான். பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னபடி ஒப்பித்தார்கள். கண் மட்டும் வேறெங்கோ இருந்தது. கடைசி நாள் முழுக்க உட்கார வைத்து ஒரு தடவை எல்லாவற்றையும் ஒப்பிக்க வைப்பது என் திட்டம். அந்தக் கடைசி நாள்தான் 23-ஆம் தேதி, சரஸ்வதி பூஜை. மூன்று தலைமுறைக் கொல்கத்தாக்காரரான நீங்களாவது எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா?

காலையில் போனேன். மஞ்சள் புடவையும் மஞ்சள் குர்தாவுமாகப் பிள்ளைகள். அம்மன் காலடியில் நல்ல அட்டை போட்ட நோட்டுகள் அழகாக அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு. எல்லாம் என் நாற்பது கேள்வி. எடுங்கள், படிக்க வேண்டும் என்றேன். அந்த நாளில் புத்தகத்தைத் தொடக் கூடாது, மறுநாள் காலையில் பூஜை முடித்துப் புரோகிதர் எடுத்துக் கொடுத்தால்தான் தொடலாம் என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். நம் ஊரிலும் ஆயுத பூஜையன்று தொடமாட்டோம்தான், ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்களுக்கு பஸ். புரோகிதர் ஒன்பது மணிக்குத்தான் வருவாராம்.

இத்தனை புத்தகம் இருக்க இதை ஏன் வைத்தீர்கள் என்று மௌமிதாவிடம் கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னது: "எந்தப் பாடம் எங்களுக்கு வரவே இல்லையோ, அதைத்தான் சார் அம்மன் காலடியில் வைப்போம்."

இருபத்திரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை மேடம். அவரவர் வீட்டிலிருந்து அவரவராகக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிரசாதமாகக் கிச்சுரி, நம் ஊர் அரிசி பருப்புக் கிச்சடி மாதிரி, கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு அந்த நோட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வெறும் கையோடு போனோம். வித்யாசாகர் பாலத்தின் மேல் பஸ் போகும்போது நான் நாற்பது கேள்வியை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் லாரிகளின் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டு வந்தார்கள். அங்கே நாற்பது கேள்வியில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. உன் பலம் என்ன, பலவீனம் என்ன, எதுவும் கிடையாது. ஒவ்வொருவரையும் முன்பின் பார்த்திராத ஒரு மெஷின் முன்னால் நிறுத்தி, அதன் கையேட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்து, படித்துக் கோளாறைக் கண்டுபிடித்து நாலு வரி எழுது என்றார்கள். போன வருஷமும் இதேதான் வைத்தார்களாம், போய் வந்தவர்களிடம் நாம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அப்போது நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் மெஷினைப் பார்க்காமல் தங்களைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றார். ஆகவே அவர்களைக் கெடுத்தது நீங்கள் நோட்ஸை விட்டது இல்லை, அதற்கு முன்னால் கொடுத்த நோட்ஸ். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்த மெட்ரோ வாசல் பையனை என்னிடம் அனுப்புங்கள், வயது வரம்பு இருபத்தைந்துதான், அடுத்த வருஷம் அவனும் உட்காரலாம்.

கண்ணாடிக் கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். மௌமிதா பக்கத்தைப் படித்தது, மெஷினைச் சுற்றி வந்தது, நின்றது. பிறகு மேனேஜரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. அவர் முகம் மாறியது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். வெளியே வந்த பிறகு அவரே சொன்னார். அந்தப் பெண், "இந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது சார், ஐந்து நிமிஷம் கொடுங்கள், கண்டுபிடித்துவிடுகிறேன்" என்றதாம். பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்றார். மூன்று நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டது. பட்டியலைப் படித்தபோது வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வாசலில் நின்று அழுதுவிட்டேன், ஒளித்து வைக்க என்ன இருக்கிறது.

மேனேஜர் என்னிடமும் ஆங்கிலத்தில்தான் பேசினார். எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டார். எழுந்து ஓடவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை சார் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

தேறாத ஏழு பேரைப் பற்றித்தான் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் தபனும் ஒருவன். குடியரசு தின விடுமுறை முடிந்து இன்று காலை அவர்களுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சீக்கிரமாகவே போனேன். வகுப்பில் ஏற்கெனவே விளக்கு எரிந்தது. ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தாங்கள் கோட்டை விட்ட பக்கங்களை மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், எனக்கே தெரியாது. நடுவில் அகராதி, பக்கத்தில் மூடி கழற்றிய ஒரு கம்ப்ரஸர். தபன்தான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான், மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவருகில் நின்றேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு, எதிர்க் கடைக்குப் போய் மண் குவளையில் ஒரு டீ குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம் மேடம், உடம்பு தேறிய பிறகு வாருங்கள்.

அன்புடன்,
பிரேம்குமார்